முடிவில்லாத தரைக்கு நான் வைத்த ஓரம்

நான் ஆறு வருடம் பார்த்த வேலையைச் சுருக்கமாகச் சொன்னால் இவ்வளவுதான்: ஓர் அலை வெளியே போக வேண்டும், போனது திரும்பி வரக் கூடாது. ஹேவாஹெட்டவில் தேயிலைத் தோட்டத்து லயத்தில் எங்கள் வீட்டில் இதைச் சொன்னால் அம்மா சிரிப்பார். "கண்டியில எங்கடி கடலு? எந்த அலைய நீ தொரத்திக்கிட்டு இருக்க?" என்பார். தரைக்குள்ளே ஓடும் அலை, பாறைக்கு வெடி வைத்தால் கிளம்புகிற அலை என்று நான் தொடங்குவேன். கொழுந்து பறித்து மலையிலிருந்து இறங்கிய களைப்போடு கையைக் கழுவிக்கொண்டே கொஞ்சம் கேட்பார். பிறகு அடுப்பைப் பார்க்கப் போய்விடுவார்.

அம்மாவிடம் சொல்லி முடிக்காததை இங்கே சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் பிறகு நடந்தது விளங்காது.

தரைக்கு ஓரம் கிடையாது. கணினிக்கு உண்டு. ஒரு குவாரியில் வெடி வைத்தால் அதிர்வு எல்லாப் பக்கமும் போகிறது, போகப்போகத் தேய்கிறது, எங்கோ அடங்கிவிடுகிறது. அதைக் கணினியில் பார்க்க வேண்டுமென்றால் தரையைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் சமன்பாட்டைத் தீர்க்க வேண்டும். முடிவில்லாமல் கட்டங்களை வைக்க எந்தக் கணினியிலும் இடமில்லை. எங்காவது ஓரிடத்தில் தரையை வெட்டியாக வேண்டும். வெட்டிய இடத்தில்தான் வில்லங்கம். அலைக்கு அந்த வெட்டு ஒரு சுவர். அதில் மோதித் தெறித்து உள்ளே வருகிறது. நிஜத்தில் இல்லாத அலை நிஜமான அலையோடு கலந்துவிடுகிறது. ஆகவே அந்த ஓரத்தில் ஒரு நிபந்தனை எழுதி வைப்போம். இதற்கு அப்பாலும் இதே தரைதான், நீ போகலாம் என்று அலைக்குச் சொல்லும் ஒரு சமன்பாடு. எளிமையான நிபந்தனைகள் நேராக வந்து மோதும் அலையை நன்றாக வெளியே விட்டுவிடும். சரிந்து, ஓரத்தை உரசிக்கொண்டு வரும் அலையை அவ்வளவாக விடாது. அதையும் விழுங்க வேண்டுமென்றால் ஓரம் முழுக்கத் தடித்த ஒரு படலம் வைத்து, அதற்குள் அலையைக் கொஞ்சங் கொஞ்சமாகச் சாகடிக்க வேண்டும். அதற்கு நினைவகம் நிறைய வேண்டும். எங்கள் துறையில் இருந்த கணினிக்கு அவ்வளவு இல்லை. நான் எளிமையானதை எடுத்துக்கொண்டேன்.

அப்போது நான் கண்டிக்குப் பக்கத்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவி. எங்கள் தோட்டத்திலிருந்து அந்த அளவுக்குப் படித்த முதல் ஆள் என்று கோவில் திருவிழாவில் மைக்கில் சொல்லிவிட்டார்கள். அந்தப் பெருமை எனக்கும் இருந்தது, மறைக்க மாட்டேன். என் மேற்பார்வையாளர் யாழ்ப்பாணத்துப் பெண்மணி, ஐம்பதைத் தாண்டியவர், தேவைக்கு மேல் ஒரு சொல் பேசமாட்டார். நாங்கள் மேடம் என்போம்.

திகனயிலிருந்து உள்ளே போகிற ஒரு பாதையில், மலையடிவாரத்தில் ஏழெட்டு வீடுகள் வரிசையாக இருந்தன. கொஞ்சம் தள்ளி ஒரு கல் குவாரி. வீட்டுச் சுவர்கள் வெடிக்கின்றன என்று அந்த ஆட்கள் பிரதேச செயலகத்துக்கு மனுப்போட, குவாரி வெடிக்கும் சுவர் வெடிப்புக்கும் சம்பந்தம் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லும்படி அங்கிருந்து மேடத்திடம் கேட்டார்கள். அவர் என்னைக் கூட்டிக்கொண்டு போனார்.

முதலாவது வீடு திகன டவுனில் பிளாஸ்டிக் சாமான் கடை வைத்திருந்த ஒருவருடையது. எங்கள் பக்கத்தில் முஸ்லிம் முதலாளிமாரை நானா என்றுதான் கூப்பிடுவோம். நானும் அப்படியே கூப்பிட்டேன். அவர் என்னை முதல் நாளே மகள் என்றார். அவருக்கு ஒரே ஒரு பிள்ளை, கலியாண வயதில் ஒரு பெண். மனைவி எங்களைச் சுவர் சுவராகக் கூட்டிப் போய்க் காட்டினார். ஒவ்வொரு வெடிப்பும் முடிகிற இடத்தில் பென்சிலால் ஒரு கோடு, பக்கத்தில் தேதி. வெடிப்பு கோட்டைத் தாண்டிப் போனால் அடுத்த கோடு, அடுத்த தேதி. சமையலறைச் சுவர் பள்ளிக்கூடத்து அளவுகோல் மாதிரி இருந்தது.

"வெடிக்கு முந்தி குவாரியில சைரன் ஊதினா நான் கண்ணாடி கோப்பையெல்லாம் கீழ எறக்கி வைப்பேன்," என்றார். "முந்தி அலுமாரி நிறைய ஈந்திச்சி. இப்போ பாதிதான்."

அதிர்வு அளக்கும் கருவியை இரண்டு நாள் வைத்தோம். அந்த இரண்டு நாளும் குவாரியில் சின்ன வெடிதான் வைத்தார்கள். கருவியைத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்தது. பெரிய வெடிக்கு என்ன நடக்கும் என்று பார்க்க என் கணினிக் கணக்கு ஒன்றுதான் மிச்சம்.

எங்களுக்குக் கிடைத்த நில அளவைப் படம் குவாரியைத் தாண்டிக் கொஞ்ச தூரத்திலேயே முடிந்துவிட்டது. நானும் அங்கேயே தரையை வெட்டினேன். வேறு வழி இருந்ததாக அப்போது தோன்றவில்லை. கணக்கு ஓடி முடிந்து திரையில் படம் வந்தபோது, அதிர்வு பலமாக இருக்கும் இடங்களைச் சிவப்பில் காட்டியது. குவாரியைச் சுற்றிச் சிவப்பு. பிறகு மஞ்சள். பிறகு, யாரும் எதிர்பாராத தூரத்தில், இன்னொரு சிவப்புத் திட்டு. அந்த ஏழெட்டு வீடுகளின் மேலேயே விழுந்திருந்தது.

மேடம் வெகுநேரம் பார்த்தார். "இது ஏன் இதில வருது?" என்றார்.

மலையடிவாரத்தின் வடிவம் அலையைக் குவிக்கிறது என்றேன். அப்படி நடக்கக்கூடியதுதான். கட்டுரைகளில் படித்திருந்தேன். மேடம் தலையாட்டினார். இரண்டு பேரும் விரும்பிய விடை அது. விரும்பிய விடை வந்தால் யாரும் இரண்டாம் தரம் கதவைத் தட்டிப் பார்ப்பதில்லை. நானும் தட்டவில்லை.

அறிக்கை போனது. செயலகத்தில் நடந்த கூட்டத்தில் அலை ஓடுவதை நான் பெரிய திரையில் ஓட்டிக் காட்டினேன். சிவப்பு அந்த வீடுகள் மேல் ஏறியபோது பின் கதிரைகளில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். அடுத்த வாரம் குவாரியில் வெடி வைப்பதை நிறுத்தி வைத்தார்கள். நானாவும் மனைவியும் பஸ் ஏறிப் பல்கலைக்கழகத்துக்கே வந்து ஒரு சட்டி இனிப்பு வட்டிலப்பத்தை என் மேசையில் வைத்தார்கள்.

"நாங்க ஊட்ட வித்துட்டு அக்குறணைக்கு தம்பிட பக்கம் போக யோசிச்சி ஈந்தோம் மகள்," என்றார் நானா. "இனி போறல்ல. மேல ஒரு தட்டு கட்டி மகளுக்கு குடுக்கப் போறோம். கலியாணம் பேசியாச்சி."

அவர்கள் போன பிறகு ஜன்னலோரம் நின்று அழுதேன். சந்தோஷத்தில்தான். அதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

ஆய்வேட்டை எழுதத் தொடங்கி ஏழெட்டு மாதம் கழித்துத் துறைக்கு ஒரு புதுக் கணினி வந்தது. நினைவகம் பல மடங்கு. தரையை வெட்டும் எல்லைகளைத் தள்ளி வைத்து விடை மாறவில்லை என்று காட்டுவது இந்த வகை ஆய்வில் ஒரு வழக்கம். ஒரு பக்கத்தில் எழுதிவிட்டுப் போகிற விஷயம். காலையில் எல்லையைத் தள்ளி வைத்துக் கணக்கை ஓடவிட்டு, சாப்பிடப் போய்வந்து பார்த்தேன். வீடுகளின் மேல் சிவப்பு இல்லை. திட்டு அப்பால் நகர்ந்து, ஆளில்லாத ஒரு வயலின் மேல், மங்கலாகக் கிடந்தது.

பார்த்த உடனே விளங்கிவிட்டது. ஆனாலும் மூன்று நாள் நம்பாதவள் மாதிரி நடித்தேன். எல்லையை இன்னும் தள்ளினேன், திட்டும் தள்ளிப்போனது. எல்லையைக் கிட்டே இழுத்தேன், திட்டு வீடுகளுக்கு மேல் வந்து உட்கார்ந்தது. குவாரி நான் வெட்டிய ஓரத்துக்கு மிகக் கிட்டே இருந்தது. அங்கே கிளம்பிய அலை அந்த ஓரத்தை உரசிக்கொண்டு போயிருக்கிறது. என் நிபந்தனை அதை வெளியே விடவில்லை. தெறித்த அலை நேராகப் போன அலையோடு சேர்ந்த இடம் தற்செயலாக அந்த வீடுகள். மலை எதையும் குவிக்கவில்லை. நான் அந்த நிபந்தனையைச் சோதித்தது நேராக வந்து மோதும் அலைக்கு மட்டும்தான். சரிந்து வரும் அலைக்குச் சோதிக்க ஒரு பகல் போதும். அந்த ஒரு பகலை நான் செலவழிக்கவில்லை.

நான்காம் நாள் மேடத்தின் அறைக்குப் போனேன்.

"மேடம், ஒரு பிழை நடந்திருச்சு."

படங்களை அடுக்கி வைத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

"நீர் இத எப்ப கண்டனீர்?"

"திங்கக்கெழம."

"இண்டைக்கு வியாழன்."

நான் படங்களின் ஓரங்களை ஒன்றாகச் சேர்த்து அடுக்கினேன்.

"பிழை வாறது புதுசில்ல," என்றார் கடைசியில். "என்னையும் சேர்த்துத்தான் சொல்லுறன், நானும் பார்த்துத்தானே கையெழுத்து வைச்சனான். ஆனா இது வெளியால போயிட்டுது. படலம் வைச்சு ஒழுங்காச் செய்து பாரும். பிறகு எழுதுவம்."

"சரியாச் செஞ்சா அதிர்வு கொறைவாத்தான் வரும் மேடம். குவாரிய திரும்பத் தொறந்துருவாங்க."

"ஓம்."

"அந்தச் சுவரெல்லாம் வெடிச்சது நெசம் மேடம். நாம பார்த்தோமே."

"சுவர் வெடிச்சது உண்மை. எங்கட விடை பொய். ரெண்டையும் போட்டுக் குழப்பாதையும்." குரல் தாழ்ந்தது. "சும்மா இருக்க ஏலுமெண்டா சொல்லும். எனக்கு ஏலாது."

எனக்கும் முடியாது என்று சொன்னேன். அப்படிச் சொன்னது நேர்மையாலா, அவர் முன்னால் வேறு ஒன்றைச் சொல்லப் பயந்தா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

ஓரம் முழுக்கத் தடித்த படலம் வைத்துக் கணக்கைத் திரும்பச் செய்தேன். அலை அதற்குள் போய் அடங்கியது, தெறிப்பு அநேகமாக இல்லை. இவ்வளவு சுத்தமான ஒரு விடையை நான் அதுவரை எடுத்ததில்லை. வீடுகளில் அதிர்வு, சட்டம் அனுமதிக்கும் அளவுக்குக் கீழே.

அறிக்கையை மீளப்பெறும் கடிதம் போவதற்கு முதல் நாள் நான் தனியே திகனவுக்குப் போனேன். மேல்தட்டு எழும்பியிருந்தது. செங்கல் சுவர், இன்னும் பூசவில்லை. கீழே பழைய வெடிப்புகளையெல்லாம் அடைத்துப் பச்சைப் பெயின்ட் அடித்திருந்தார்கள். பென்சில் கோடுகள் ஒன்றுமில்லை.

நானாவிடம் ஒரு தாளில் வரைந்து காட்டினேன். இது குவாரி, இது வீடு, இது நான் தரையை வெட்டிய இடம், அலை இதில் பட்டுத் திரும்பியது. அவர் ஒரு தரம்கூடக் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"வேலி இல்லாத எடத்துல நீங்க ஒரு வேலி போட்டு, அதுல பட்டுத் திரும்பினதுன்னு செல்றீங்க."

"ஆமா நானா. என் பிழைதான்."

"அப்போ எங்கட சுவர் பொய் செல்லிச்சா மகள்?"

"சுவர் பொய் சொல்லல. ஆனா வெடியாலதான்னு இந்தக் கணக்க வச்சுச் சொல்ல முடியாது."

அவர் மனைவி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். நானா என் தாளை எடுத்து, நான் வெட்டிய கோட்டுக்கு வெளியே விரலை வைத்தார்.

"இப்போ செஞ்ச புதுக் கணக்குல இங்க என்ன ஈக்கிது?"

"அங்கயும் இதே மண்ணு, முடிவில்லாமப் போகுதுன்னு எடுத்துக்கிட்டோம். அப்படித்தான் எடுக்கிறது வழக்கம்."

"அங்க மண் இல்ல மகள். வெள்ளக் கல்லு. காட்டுக்குள்ள செவுரு மாதிரி நிக்கிது. சின்ன வயசுல நாங்க அதுல ஏறித்தான் வெளையாடினது. நீங்க பார்க்கல்லயா?"

நான் பார்க்கவில்லை. படம் அதற்கு முன்பே முடிந்துவிட்டது. அவரே கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். மரங்களுக்கு நடுவே, ஒரு ஆள் உயரத்துக்கு மேலே, நீளமாக ஒரு வெள்ளைப் பாறை. தரைக்குக் கீழே எவ்வளவு ஆழம் போகிறது, எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, யாருக்கும் தெரியாது. மண்ணை விட அவ்வளவு கடினமான ஒன்று அங்கே ஆழமாக நின்றால் அலை அதில் தெறிக்கும். நிஜமாகவே தெறிக்கும். முதல் கணக்கில் பொய்யாக வந்த சிவப்புத் திட்டு நிஜத்திலும் இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம்.

மறுநாள் காலை மேடத்திடம் ஓடினேன். அவர் கேட்டுவிட்டுச் சொன்னார், "துளை போட்டுப் பார்த்த தரவு இருக்கோ?"

"இல்ல மேடம். குவாரிக்காரங்ககிட்டத்தான் இருக்கும்."

"கேட்டு எழுதுவம். ஆனா தரவு இல்லாமல் இன்னொருக்கா ஒரு படத்தைக் கொண்டுபோய்க் காட்டேலாது. ஒருக்கா செய்தது போதும்."

கடிதம் போனது. தரவு கேட்டு எழுதியதற்குப் பதில் வரவில்லை. இரண்டாம் முறை எழுதியதற்கும் இல்லை. வெள்ளைப் பாறையைப் பற்றி மேடம் தன் கடிதத்தில் இரண்டு வரி சேர்த்திருந்தார், மேலும் ஆராய வேண்டும் என்று. செயலகத்தில் மறுபடி கூடிய கூட்டத்தில் அந்த இரண்டு வரியை யாரும் வாசிக்கவில்லை. பல்கலைக்கழகமே தங்கள் கணக்குப் பிழை என்று ஒத்துக்கொண்டது என்பதை மட்டும் வாசித்தார்கள். இந்த முறை காட்டுவதற்கு என்னிடம் படமில்லை. பின் கதிரையில் இருந்த ஒருவர், "இவங்களும் காச வாங்கிட்டாங்க" என்றது தெளிவாகக் கேட்டது. நானா அவரைத் திரும்பிப் பார்த்து, "அப்படிச் செல்ல வேணாம்" என்றார். அதற்குப் பிறகு என் பக்கம் பார்க்கவில்லை.

வெடி திரும்பத் தொடங்கியது.

மழைக்காலம் முடியும் தறுவாயில் ஒரு பின்னேரம் நானாவின் மகள் எனக்குப் போன் பண்ணினாள். மேல்தட்டில் காயப்போட்ட துணியை எடுக்க உம்மா போயிருக்கிறார். சைரன் ஊதியது, வெடிச் சத்தமும் கேட்டது. பூசாத செங்கல் சுவரின் ஒரு பக்கம் சரிந்து அவர் மேல் விழுந்துவிட்டது. இடுப்பெலும்பு போய்விட்டது. கண்டியில் ஆஸ்பத்திரியில் இருக்கிறார்.

பார்வையாளர் நேரத்தில் போனேன். கட்டிலைச் சுற்றிச் சொந்தக்காரர்கள். நானாவின் மனைவி என்னைக் கண்டுகொண்டு கையை நீட்டினார்.

"வெடிச்சதாலயா, மழைக்கு ஊறினதாலயா, மேசன் பாஸ் ஒழுங்காக் கட்டல்லயா, ஆளாளுக்கு ஒன்னு செல்றாங்க," என்றார். "நீங்க என்ன செல்றீங்க?"

எனக்குத் தெரியாது என்றேன். அதுதான் உண்மை. ஆறு வருடம் படித்துவிட்டு, அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, அதை மட்டும்தான் சொல்ல முடிந்தது. முதல் கணக்கு இல்லாமலிருந்தால் அவர்கள் அந்தத் தட்டைக் கட்டியிருக்க மாட்டார்கள், அக்குறணைக்குப் போயிருப்பார்கள். அதை அவர் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. நானா எனக்கு ஒரு கதிரை இழுத்துப் போட்டு, "வந்தது சந்தோஷம் மகள்" என்றார். அந்த மரியாதையைத் தாங்க முடியவில்லை. ஏசியிருந்தால் கொஞ்சம் நின்றிருப்பேன். சீக்கிரமாகவே எழுந்து வந்துவிட்டேன்.

ஆய்வேட்டை முடித்தேன். திகன அத்தியாயத்தை எடுத்துவிடுவதாகச் சொன்னபோது மேடம் மறுத்துவிட்டார். எளிமையான நிபந்தனை எப்படி ஏமாற்றும், படலம் எப்படித் திருத்தும் என்பதற்கு அதைவிட நல்ல உதாரணம் கிடையாது என்றார். உண்மைதான். பரீட்சகர்கள் அந்த அத்தியாயத்தைத்தான் பாராட்டினார்கள். தெறிப்பு இவ்வளவு குறைந்தது எப்படி என்று கேட்டார்கள், விளக்கினேன். வெள்ளைப் பாறையைப் பற்றிக் கடைசிப் பக்கத்தில் எழுதியிருந்தேன், அதைக் கேட்கவில்லை. பட்டமளிப்புக்கு அம்மா புடவை கட்டிக்கொண்டு முதல் பஸ்ஸில் வந்தார். படத்தில் சிரித்துக்கொண்டு நிற்கிறார். பக்கத்தில் நிற்கிற என் முகத்தை யாரும் கவனிப்பதில்லை.

ஆய்வை விட்டுவிட்டேன். இப்போது கண்டியில் ஒரு பாடசாலையில் உயர்தர வகுப்புக்குக் கணிதம் சொல்லிக் கொடுக்கிறேன். அந்தக் கணக்கின் பிரதி என் மடிக்கணினியில் இருக்கிறது. சின்ன அளவில், சில சனிக்கிழமைகளில் ஓட்டுவேன். வெள்ளைப் பாறையை ஒரு முறை ஆழமாக வைப்பேன், ஒரு முறை மேலாக. கொஞ்சம் சாய்ப்பேன். சில முறை சிவப்பு அந்த வீடுகளின் மேல் வருகிறது, சில முறை வயலுக்குப் போகிறது, சில முறை எங்குமே இல்லை. எந்தப் பாறை நிஜமான பாறை என்று சொல்ல ஒருவரும் இல்லை. மூன்று நாலு தரம் ஓட்டிவிட்டு மூடி வைத்துவிடுவேன். ஓட்டாமல் இருக்கவும் முடியவில்லை.

போன வருடம் கண்டி மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் நானாவைக் கண்டேன். மெலிந்திருந்தார். திரும்பிப் போய்விடலாம் என்று நினைத்தேன், அதற்குள் அவர் கண்டுவிட்டார். அம்மாவின் சுகத்தை விசாரித்தார். மகளின் கலியாணம் முடிந்துவிட்டதாம், மனைவி ஊன்றுகோலில் நடக்கிறாராம், எல்லோரும் அக்குறணையில் தம்பியின் வீட்டுப் பின்பக்கம் இருக்கிறார்களாம்.

"திகன வீடு நானா?"

"பூட்டித்தான் ஈக்கிது. வாங்கப் பார்க்க ஆள் வாறாங்க. நல்ல ஊடுன்னு செல்லுவாங்க. உள்ளுக்கு நிக்கக்குள்ள சைரன் ஊதும். பொறவு வாறல்ல."

நான் என்னவோ சொல்ல வாயெடுத்தேன். அவருடைய பஸ் வந்துவிட்டது. சனம் நெருக்கிக்கொண்டு ஏறியது, அவரும் ஏறினார். அக்குறணை பஸ் திருப்பத்தில் மறையும்வரை நின்றுவிட்டு, வாங்க வந்த மரக்கறியை வாங்காமலே வீட்டுக்குப் போனேன்.